மெற்றில்டா சும்மா இருந்த ஒரு மணித்தியாலம்

மார்ச் 3

இன்று முதல் இந்தப் போனிடம் பேசப்போகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் சிலுவை போடுகிறவன். மருமகன் கிளெமென்ற்தான் போனில் ஒரு பொத்தானைக் காட்டி, "மாமா, இதை அமத்திப்போட்டுக் கதையுங்கோ, அது தன்பாட்டில எழுதும்" என்றான். கதைத்தேன். அது எழுதியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் ஊரான பாசையூரின் கடற்கரைப் பேச்சு இதற்குப் பிடிபடவில்லையாம். வானொலியில் செய்தி வாசிக்கிறவர்போலப் பேசினால் சரியாக எழுதுமாம். சரி, அப்படியே பேசுகிறேன். வானொலி கேட்டே வளர்ந்தவன், செய்தித் தமிழ் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன். அதைப் போன் தன்னால் முடிந்தபடி எழுதட்டும்.

என் பெயர் வஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்தெட்டு. வாலிபம் முழுவதும் கப்பல்களில் சாப்பாட்டு அறைப் பணியாளாக இருந்தேன். மனைவி போனபிறகு மகள் மெற்றில்டா என்னை இங்கே எடுத்துக்கொண்டாள். நோர்வேயின் வடக்கு முனையில் கடலுக்குள் கிடக்கிற சின்னத் தீவுப் பட்டினம் இது. ஊரின் பெயரைப் போன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறதாம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

துறைமுகத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் கட்டடம் இருக்கிறது. வயதானவர்களுக்கென்று கொம்யூன், அதாவது இந்த ஊர் நகரசபை, கொடுக்கிற வீடுகள். கீழ்த்தளத்தில் ஒன்று காலியாகிவிட்டது. அதை எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன். கேட்ட நாளிலிருந்து வீட்டில் புயல்.

"அப்பா, நான் செத்தே போனன்? உயிரோட ஒரு மேள் இருக்கேக்குள்ள நீங்கள் ஏன் தனிய இருக்கோணும்?"

"பத்து நிமிச நடைதானே பிள்ளை."

"சனம் என்ன கதைக்கும்? மெற்றில்டா தேப்பனைக் கலைச்சுப்போட்டாள் எண்டெல்லே கதைக்கும்!"

இந்தத் தீவிலுள்ள தமிழ்ச் சனம் மாதாகோயிலில் இரண்டு வாங்கை நிரப்பக்கூடக் காணாது. ஆனால் அவள் சொல்லும்போது பாசையூர்த் திருவிழாக் கூட்டம் வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

அந்த வீட்டில் கடல் தெரியும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

"இங்கயும் கடல் தெரியுதுதானே மாமா, மூண்டு பக்கமும்" என்றான் கிளெமென்ற்.

அது வேறு கடல் என்று சொன்னேன்.

மார்ச் 4

இன்றும் என் காலுறையை அவள்தான் போட்டுவிட்டாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் இடக்காலுக்குக் கறுப்பு, வலக்காலுக்குச் சாம்பல்.

மார்ச் 7, வியாழன்

வியாழக்கிழமைகளில் நூலகத்தில் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவைத்துக் கோப்பி கொடுத்து நோர்வேஜிய மொழி பேச வைப்பார்கள். நான் போன மாரி காலத்திலிருந்து போகிறேன். முதலில் கோப்பிக்காக.

என் மேசையில் போர்ஹில் என்று ஒரு பெண்மணி இருக்கிறாள். எழுபது தாண்டியவள். கரை வானொலி நிலையத்தில் இருந்து கப்பல்களோடு பேசிப் பேசியே ஓய்வு பெற்றவள். ஆகையால் கப்பல் ஆங்கிலம் அவளுக்கு அத்துபடி. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அதுதான், காதால் பிடித்தது. முதல் நாளே என்னிடம் கேட்டாள்:

"வஸ்தி, உனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் குடிகாரனா?"

"மூன்று பேர் சொல்லிக்கொடுத்தார்கள். மூவருமே."

அன்று அவள் சிரித்த சிரிப்புக்கு நூலகக்காரி எழுந்து வந்துவிட்டாள்.

இன்று அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கொம்யூனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். எனக்கு நானே என்னென்ன செய்துகொள்வேன் என்று பார்ப்பார். செய்துகொள்கிறவனுக்குத்தான் மஞ்சள் கட்டடம். மொழிபெயர்ப்பாளர் தருவார்களாம், வேண்டாம் என்றுவிட்டேன். நான் தமிழில் "ஏலும்" என்பேன், மெற்றில்டா பக்கத்தில் இருந்து "ஏலாது" என்பாள், அவள் சொன்னதுதான் மொழிபெயர்ப்பாகும். நானே நோர்வேஜிய மொழியில் சொன்னால் அந்த மனிதரின் காதில் நேரே விழும்.

போன கிழமை சொந்தமாக ஒரு முயற்சி செய்து மூக்குடைபட்டேன். அதிகாரிகள் மேசைக்கு வந்ததும் "ஹெல்ப் யோர்செல்ஃப், சார்" என்பதுதான் கப்பலில் என் முதல் வேலை. அதையே சொல்லுக்குச் சொல் மாற்றி, பிஸ்கட் தட்டை நீட்டி, "யெல்ப் டேய் ஸெல்" என்றேன். மேசையில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். நீட்டிய கையை ஒருவர் திரும்ப எடுத்துக்கொண்டார். உன்னைக் காப்பாற்ற ஆளில்லை, நீயே உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிற மாதிரி அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு பிஸ்கட்டுக்கு!

"ஃபொர்சீன் டேய்" என்று திருத்தினாள் போர்ஹில். பிறகு ஒவ்வொன்றாக என்னிடம் ஆங்கிலத்தைக் கேட்டு, நோர்வேஜிய மொழியில் திருப்பித் தந்தாள்.

வந்த புதிதில் இந்த நாட்டுச் சனம் ஒருவரையொருவர் மரியாதையில்லாமல் "டேய்" என்று கூப்பிடுவதாக நினைத்திருந்தேன். பாதிரியாரைக்கூட "ஸெட் டேய்" என்றுதான் உட்காரச் சொல்கிறார்கள். அது "உன்னை" என்பதாம். உன்னை உட்கார வை. உன்னைக் கழுவு. உன்னைப் படுக்கப் போடு. இங்கே ஒரு மனிதன் தன்னையே ஒரு பிள்ளையைப்போலத் தூக்கி, கழுவி, உடுத்தி, படுக்கையில் கிடத்துகிறான்.

எங்கள் வீட்டில் அதையெல்லாம் மெற்றில்டா செய்கிறாள்.

மார்ச் 14, வியாழன்

இன்று என் ஆங்கிலச் சரக்கு முழுவதையும் கொட்டினேன். எனக்கு ஒரு சொல் ஞாபகம் வந்தால் அதைச் சொன்ன வாயும் கூடவே வரும்.

"பிரேஸ் யோர்செல்ஃப்!" இதைக் கத்தியவர் கப்டனுக்கு அடுத்தவரான முதலாம் மேற். பிஸ்கே குடாவில், பட்டாணிச் சூப் நாளில். அவர் கத்தி முடிவதற்குள் சூப் என் மடியில். போர்ஹில் தந்தது: "ஹோல் டேய் ஃபஸ்ட்."

"பிஹேவ் யோர்செல்ஃப்!" கப்டனின் மனைவி கப்டனுக்கே சொன்னது. ஆண்ட்வேர்ப்பில், பச்சைக் கவுன் போட்டிருந்தாள். அது "ஒப்ஃபோர் டேய்".

"புல் யோர்செல்ஃப் டுகெதர்." சான்டோஸ் துறைமுகத்தில் எண்ணெய்க்காரப் பையன் ஒருவன் காதலி வேறொருவனைக் கட்டிவிட்டாள் என்று கதறினான். தளத்து வேலைக்காரருக்குத் தலைவரான போசன் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். "டா டேய் சம்மன்."

போர்ஹில் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மேசைகள் எழுந்து போய்விட்டன. நூலகக்காரி விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டாள்.

வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டே போர்ஹில் சொன்னாள்: "யேய் கிளேடர் மேய் டில் தூர்ஸ்டாக்."

ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன். அடுத்த வியாழனை எதிர்பார்த்திருக்கிறேன் என்பதாம். ஆனால் ஆங்கிலம் அதற்குக் காணாது என்றாள். நோர்வேஜிய மொழியில் அது, நான் என்னையே மகிழ்வித்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்று வரும்.

வியாழனில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தேன். பனி வழுக்கவில்லை.

அவள் அந்த மஞ்சள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். முன்னரே சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 19

குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடம் பார்த்தேன். யேய் வஸ்கர் மேய், என்னைக் கழுவிக்கொள்கிறேன். யேய் பர்பேரர் மேய், என்னைச் சவரம் செய்துகொள்கிறேன். யேய் கிளேர் போ மேய், என்னை உடுத்திக்கொள்கிறேன். கதவுக்கு வெளியே மெற்றில்டாவின் குரல்:

"இஞ்சருங்கோ, கிளெமென்ற்! அப்பா உள்ளுக்க ஆரோடயோ கதைக்கிறார்."

"தன்னோடதான் கதைக்கிறார். விடும்."

"விசர் கிசர் பிடிச்சிட்டுதோ?"

வெளியே வந்ததும் கேட்டாள், "இதெல்லாம் ஆர் சொல்லித் தாறது?"

"நூலகத்தில ஒரு மனிசி."

"என்ன மனிசி?"

"வயசுபோன மனிசி. ரேடியோவில இருந்தவ."

கிளெமென்ற் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். என்ன சிரிப்போ.

ஏப்ரல் 3

கொம்யூன்காரர் வந்தார். பெயர் ஒட்கெய்ர். பெரிய தாடி. சப்பாத்தை வாசலில் கழற்றியபோது காலுறையில் ஒரு ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. மெற்றில்டாவுக்கு அதைக் கண்டதும் மனம் இளகிவிட்டது. "பாவம், பார்க்க ஆளில்லைப் போல" என்று தமிழில் சொன்னாள்.

அவள் லீவு எடுத்திருந்தாள். றோல்ஸ், கட்லட், பற்றிஸ் என்று மேசை நிறைய வைத்திருந்தாள். "நான் வாயே திறக்கமாட்டன் அப்பா, நீங்களே கதையுங்கோ" என்று அந்தோனியாரின் மேல் சத்தியம் செய்திருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். அவள் வாய் திறக்கவில்லை. கைதான்.

ஒட்கெய்ர் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஒரு சொல் தவறவில்லை. யேய் வஸ்கர் மேய். அவள் என் மீசையில் ஒட்டியிருந்த பற்றிஸ் துகளைத் துடைத்தாள். யேய் கிளேர் போ மேய். என் கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். நானே சாப்பிடுகிறேன் என்றேன். றோல்ஸைப் பிய்த்து, ஊதி, என் கையில் வைத்தாள். நடுவே ஒட்கெய்ரின் தட்டு வெறுமையாகும்போதெல்லாம் அதிலும் ஒன்று வைத்தாள். போதும் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வைக்க வைக்கத் தின்றார். கடைசியில் மூச்சு வாங்கினார்.

சமைப்பாரா என்று அவளிடம் கேட்டார். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "எட்டு வருஷமாக நான் இவரை அடுப்புப் பக்கம் போகவே விட்டதில்லை" என்றாள் நோர்வேஜிய மொழியில். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்றுதான் அவர் போகும்வரை நினைத்தேன்.

"மாமா, உங்கட வாய் நல்லாக் கதைச்சுது" என்றான் கிளெமென்ற். "ஆனா அவள் துடைக்க வரேக்குள்ள நீங்களே முகத்தை நீட்டிக் குடுத்தனீங்கள்."

நீட்டினேனா? எனக்குத் தெரியவே இல்லை.

ஏப்ரல் 9

ஒட்கெய்ர் போன் எடுத்தார். கிளெமென்ற் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். மஞ்சள் கட்டடம் எனக்குச் சரிவராதாம். முதல் வசனத்துக்கு மெற்றில்டா சிரித்தாள். இவருக்கு எல்லாவற்றுக்கும் உதவி வேண்டியிருக்கிறது, ஆகவே பராமரிப்பு இல்லத்தில் ஓர் இடம் பார்க்கலாம் என்றார். இரண்டாவது வசனத்துக்கு அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"பராமரிப்பு இல்லத்திலயோ? என்ர அப்பாவையோ? அவருக்கு என்ன ஏலாது?"

"நீர்தானே காட்டினனீர்" என்றான் கிளெமென்ற்.

"நான் என்னத்தைக் காட்டினன்?"

"எல்லாத்தையும்தான்."

இல்லமும் வேண்டாம், மஞ்சள் வீடும் வேண்டாம், அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள். ஒட்கெய்ர் மறுக்கவில்லை. அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுக்க யோசிப்பார்களாம்.

ஏப்ரல் 11, வியாழன்

நூலகத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி. சவரமும் செய்யவில்லை.

ஏப்ரல் 12

பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. மெற்றில்டா வேலையால் வந்து குசினியில் நின்றாள். போய்த் திறந்தாள். வாசலில் போர்ஹிலின் குரல். நேற்று வஸ்தி வரவில்லை, நோயா என்று கேட்டாள்.

நான் சாரத்தோடும் தாடியோடும் சோபாவில் கிடந்தேன். எழுந்தேன். குளியலறைக்குள் போய்ச் சவரம் செய்து, முகம் கழுவி, நீலச் சேட்டும் நீள்காற்சட்டையும் போட்டு, இடுப்புவார் கட்டி, தலை சீவி வெளியே வந்தேன். போர்ஹில் இன்னும் இரண்டாவது சப்பாத்தைக் கழற்றி முடிக்கவில்லை.

மெற்றில்டா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு இவ்வளவு கெதியா உடுப்பு மாத்த ஏலுமோ?"

போர்ஹில் வெகுநேரம் இருக்கவில்லை. முழங்காலை விசாரித்தாள். எந்த முழங்கால் என்பது எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த ஆளுக்குக் காதால் கேட்டது போதவில்லை, கண்ணால் காட்டு" என்றாள். தேநீர் குடித்துக்கொண்டே, தான் மஞ்சள் கட்டடத்தில் இருப்பதை மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் மெற்றில்டா ஒரே கோப்பையை நெடுநேரம் கழுவிக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள்:

"நான் அந்தாளுக்குப் போன் அடிக்கிறன். இன்னொருக்கா வரச் சொல்லுவம். நான் இந்தமுறை கையைக் காலை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிறன்."

"என்ன பிள்ளை திடீரெண்டு?"

"அங்க கடல் தெரியுமெண்டு சொன்னனீங்கள்தானே" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஏப்ரல் 14

ஒத்திகை. கிளெமென்ற்தான் ஒட்கெய்ர். கறுப்புக் கம்பளித் தொப்பியை நாடியில் கட்டித் தாடியாக்கிக்கொண்டான். நான் சமைத்துப் பரிமாற வேண்டும். மெற்றில்டா கதிரையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நாடகம்.

நான் கேத்தலைத் தூக்கினேன். அவள் எழுந்துவிட்டாள்.

"இரும்" என்றது தாடி.

நான் கத்தியை எடுத்தேன். எழுந்துவிட்டாள்.

"மெற்றில்டா! ஆருக்குச் சோதினை, மாமாவுக்கோ உமக்கோ?"

"எனக்குக் கை தானாப் போகுதப்பா. நான் என்ன செய்ய?"

போர்ஹிலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "கன்ட்ரோல் யோர்செல்ஃப்" என்பதற்கு இவர்கள் "பெஹஷ்க் டேய்" என்பார்களாம். வெங்காயம் வெட்டிக்கொண்டே மகளுக்கு அதைச் சொன்னேன். அவள் தன்னைத்தானே அடக்கிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

குழம்பு வாசம் எழுந்ததும் தாடியைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தான் கிளெமென்ற். "மாமா, எட்டு வருசமா இதை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி."

அவள் கதிரையிலிருந்தபடியே, "உப்புப் பாத்தீங்களோ?" என்றாள். வாய்க்குத் தடை இல்லையாம், கைக்குத்தானாம்.

ஏப்ரல் 17

நாளை. மழை.

ஏப்ரல் 18

ஒட்கெய்ர் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார். முன் அனுபவம்.

மெற்றில்டா வணக்கம் சொன்னாள். கதிரையில் இருந்தாள். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்தாள். ஒட்கெய்ர் அதைக் கண்டார், நேரே குசினிக்கு வந்தார்.

நான் அதிகம் பேசவில்லை. மீனைக் கழுவினேன், துண்டுபோட்டேன். மாவைக் குழைத்துப் புட்டுக்கு வைத்தேன். புளி கரைத்தேன். கப்பல் ஆட்டத்தில் சமையற்காரனுக்கு ஒத்தாசை செய்தவனுக்கு அசையாத குசினி ஒரு பொருட்டா? ஒட்கெய்ர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டார், நான் வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னேன். அடிக்கடி என் சொற்கள் பிழைத்தன. முதல் முறை போல அவ்வளவு சுத்தமாக வரவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

புட்டை இறக்கும்போது சட்டி மூடி கைதவறி விழுந்தது. சுழன்று சுழன்று மேசைக்கடியில் போய் நின்றது. நான் குனிந்தேன். முழங்காலை மடித்துத் தரையில் ஊன்றி மூடியை எடுத்தேன். எழும்புவதுதான் சிரமமாக இருந்தது. மேசைக் காலைப் பிடித்தேன், வரவில்லை. முழங்காலை மாற்றி ஊன்றினேன்.

மெற்றில்டாவின் கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. "இரும்" என்று கிளெமென்ற் மெல்லச் சொல்வது கேட்டது. நான் மேசைக்கடியில் இருந்ததால் அவளுடைய கால்கள் மட்டுமே எனக்குத் தெரிந்தன. இரண்டு குதிக்காலும் நிலத்தைவிட்டு எழும்பி நின்றன. அப்படியே நின்றன. பிறகு மெதுவாக இறங்கின.

அலுமாரி விளிம்பைப் பிடித்து எழுந்துவிட்டேன். மூடியைக் கழுவி வைத்தேன். அவளைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

மேசையில் புட்டையும் குழம்பையும் வைத்து, "ஃபொர்சீன் டேய்" என்றேன்.

ஒட்கெய்ர் தன் கையால் கரண்டியை எடுத்துத் தன் தட்டில் தானே போட்டுக்கொண்டார். எவ்வளவு? ஒரு கோழிக்குஞ்சுக்குப் போடுகிற அளவு. மெற்றில்டாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் மேசைக்கடியில் கிடந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவள். தன் வீட்டில், தன் கண்முன்னே, விருந்தாளி தானே போட்டுத் தின்பதைப் பொறுக்க முடியாமல் தவித்தாள். ஒட்கெய்ர் உண்டார். பிறகு இரண்டாம் தடவையும் தானே போட்டுக்கொண்டார், இம்முறை கும்பமாக. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

எல்லாம் முடிந்து அவர் எழும்பும்போது மெற்றில்டாவின் பக்கம் திரும்பினார்.

"நீ? நீ எப்படிச் சமாளித்துக்கொள்வாய்?"

போர்ஹில் விளக்கிய அந்த "டேய்" அந்தக் கேள்வியிலும் இருந்தது. எனக்கு ஒன்றுவிடாமல் விளங்கியது. இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. கிளெமென்றும் கேட்டதில்லை. அவள் கைகளை வெளியே எடுத்தாள். இரண்டும் விறைத்துச் சிவந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, "வெட் இக்கெ" என்றாள். தெரியாது என்று.

"பரவாயில்லை" என்றார் ஒட்கெய்ர்.

கதவடியில் போய்ச் சப்பாத்தைப் போட்டார். அதற்குள் அவள் மிச்சப் புட்டை ஒரு பெட்டியில் போட்டு அவர் கையில் திணித்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 30

கிடைத்துவிட்டது!

மூன்றாம் மாடிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அங்கே ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

மே 12, ஞாயிறு

நேற்றுக் குடிபோனேன். மெற்றில்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெட்டிகளை அடுக்கினாள். பத்துப் பேருக்குக் காணும் சட்டி பானை. ஒரு பெட்டி முழுக்க மிளகாய்த்தூள். வீட்டின் எல்லா மூலையிலும் நின்று பார்த்துவிட்டு, "கடல் உண்மையா நல்லாத்தான் தெரியுது" என்றாள். கிளெமென்ற் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். அவனுக்கு எப்போதும் சிரிப்புத்தான்.

இன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிலோமினா பிடித்துக்கொண்டாள். இந்தத் தீவில் செய்தி முதலில் அவளிடம்தான் வரும்.

"என்ன அண்ணை, மேள் உங்களை வெளியில விட்டிட்டாளாமே?"

மெற்றில்டாவின் முகம் இருண்டது. இந்த ஒரு வசனத்துக்குப் பயந்துதான் அவள் இவ்வளவு நாளும் சண்டை பிடித்தாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நான்தான் அவளை விட்டிட்டு வந்திட்டன். எட்டு வருசம் வைச்சுப் பாத்தன். நித்திரையும் கொள்ளமாட்டாள், ஓரிடத்தில இருக்கவும் மாட்டாள். இனி புருசன் பாக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினாவுக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது. மெற்றில்டா என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "வாயைப் பார் இந்த மனுசனுக்கு!" நல்ல அடி. சின்ன வயதிலேகூட அவள் என்னை அடித்ததில்லை. எனக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோய்விட்டது.

மே 24

இன்று மெற்றில்டா வேலை முடிந்து நேரே இங்கே வந்தாள். முதன்முறையாக ஒரு விருந்தாளியாக. அழைப்பு மணி அடித்துவிட்டு வெளியே நின்றாள். நான் "வா பிள்ளை" என்று சொன்னபிறகும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். மீன் ஆலைத் தொப்பியின் இறப்பர் அவள் நெற்றியில் ஒரு கோடு போட்டிருந்தது.

கால் குசினிப் பக்கம் போனது. தானே நின்றாள். திரும்பி வந்து ஜன்னலடிக் கதிரையில் இருந்தாள். நான் தேநீர் ஊற்றினேன். அவள் மேசையைப் பார்த்தாள்.

"அப்பா."

"என்ன?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே."

"தெரியாது."

"அப்ப இந்த வாசிக்கிற கண்ணாடி ஆற்ற?"

யாரோ மறந்துபோய் வைத்துவிட்டார்கள் என்றேன். இங்கே அடிக்கடி ஆட்கள் வருவார்கள், போவார்கள்.

"ம்" என்றாள். "வடிவான கண்ணாடி."

தேநீரைக் குடித்தாள். சீனி கூடிப்போச்சு என்றாள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை. ஆலையில் புதிதாக வந்திருக்கிற மேற்பார்வைக்காரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் எப்படியானவள் என்றால், என்று சொன்னாள். நான் காத்திருந்தேன். அவள் எப்படியானவள் என்பது வரவில்லை. பார்த்தால், கோப்பை மடியில் இருக்க, தலை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

பகல் வெளிச்சத்தில் இவள் தூங்கி நான் கண்டதில்லை. குழந்தையாக இருந்தபோது பார்த்திருப்பேன். அப்போதும் பாதி நாள் நான் கடலில். கோப்பையை மெல்ல எடுத்துவிட்டேன். நித்திரையிலும் அவள் விரல்கள் கொஞ்சம் அசைந்தன, யாருக்கோ எதையோ எடுத்துக் கொடுப்பதுபோல. பிறகு அவையும் அடங்கின.

மணி அடிக்காமல் வருகிற ஒருவர் கதவைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். போர்ஹில் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு, நுனிக்காலில் வந்து, சோபாவிலிருந்த போர்வையை எடுத்து என் மகளின் மேல் போட்டாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றக் கதிரையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கும் ஒரு தேநீர் ஊற்றினேன், கரண்டி கோப்பையில் படாமல் கலக்கினேன்.

கிளெமென்ற் போன் எடுத்தான். மெற்றில்டா அங்கே நிற்கிறாளா, சமையலுக்கு நேரமாகிறதே என்றான். குசினிக்குள் போய்நின்று குசுகுசுத்தேன்: "அவள் நித்திரை தம்பி. நீயே உனக்கு ஏதும் சமைச்சுச் சாப்பிடு."

அந்தப் பக்கம் ஒரு சட்டி மூடியைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. "சரி மாமா, எழுப்பாதேங்கோ" என்றான்.

இப்போது நான் எவ்வளவு மெதுவாகச் சொல்கிறேன் என்றால், இதில் எவ்வளவு போனுக்குக் கேட்கிறதோ தெரியாது. போர்ஹில் அங்கிருந்து கையைக் காட்டுகிறாள், போதும், பேசாதே என்று. மெற்றில்டா புரண்டு போர்வையைத் தன்மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.